நான் திருத்திய இருபத்து மூன்று கடிதங்கள்

பள்ளிக்கூடத்தை மேம்படுத்துவது எப்படி என்று, புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். நேரில் வந்து பேசினால் இருமல் முந்திக்கொள்ளும். அதனால் எழுதியே அனுப்புகிறேன். மேம்படுத்துவது என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் பயம். ஒரு காலத்தில் நான் மேம்படுத்தாத பொருளே கிடையாது. கரும்பலகை, மணி அடிக்கும் நேரம், பையன்களின் குடுமி என்று ஒன்றையும் விட்டதில்லை. அந்த வேகத்தில் ஒரு குடும்பத்தையும் மேம்படுத்தப் போய், அது கிட்டத்தட்ட கவிழ இருந்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன். பாடம் எடுப்பது எப்படி என்று பயிற்சிப் பள்ளியில் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் நான் தலையிட மாட்டேன்.

கல்லலுக்கு ரயில் வந்த புதிது. அங்கிருந்து இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மணி நேரம் போனால் வருகிற ஊர் ஒன்றில் எனக்குத் தலைமையாசிரியர் உத்தியோகம். வயது இருபத்தாறு. எனக்குக் கீழே ஒரே ஒரு உதவி ஆசிரியர். அவரும் பாதி நாள் தலைவலி என்று லீவு. ஆக, தலைமை தாங்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் தெருவில் நடப்பேன்.

ஊரில் பெரிய வீடுகள் நிறைய. ஆண்கள் குறைவு. பாதிப் பேர் பர்மாவில், மீதிப் பேர் மலாயாவில். மூன்று வருடம் ஒரு தவணை. போனால் தவணை முடிந்துதான் திரும்புவார்கள். வீட்டில் இருக்கும் பெண்களை, வயது இருபதானாலும் எழுபதானாலும், ஆச்சி என்றுதான் ஊர் கூப்பிடும். அவர்களுக்கும் கடலுக்கு அப்பால் இருக்கும் புருஷன்மார்களுக்கும் நடுவே இருந்த ஒரே பாலம் கடுதாசி. எழுதப் படிக்க அந்த ஆச்சிமாருக்குத் தெரியாது. அதனால் பள்ளிக்கூடத்துச் சாவியோடு சேர்ந்து இந்தக் கடுதாசி எழுதும், வாசிக்கும் வேலையும் என் கைக்கு வந்தது.

சிகப்பி ஆச்சியை அப்படித்தான் தெரியும். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவராக இருப்பார். கணவர் ரங்கூனுக்குக் கப்பலேறி ஒரு வருடம் ஆகியிருந்தது. மீனாள் என்று ஒரே குழந்தை. அவர் புறப்பட்டபோது தவழ்ந்துகொண்டிருந்ததாம். மாதம் ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். வீட்டுக்குள்ளே தூண்கள் சூழ்ந்த பெரிய முற்றம் உண்டு. அதை வளவு என்பார்கள். முற்றத்துக்கு இந்தப் பக்கம் நான் பலகையைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். அந்தப் பக்கம் ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து ஆச்சியின் குரல் மட்டும் வரும்.

"எப்ப வாரீகன்னு கேட்டு எழுதுங்க. தவணை முடிஞ்சதும் ஒரு நாள்கூடத் தங்கப்படாதுன்னு எழுதுங்க. பிள்ளை உங்க மூஞ்சியை மறந்துருச்சுன்னு எழுதுங்க. ஒருத்திக்கு உலை வச்சு ஒருத்தியாத் திங்கச் சலிச்சுப் போச்சுன்னும் எழுதுங்க."

கடைசி வாக்கியம் உங்களில் சிலருக்குப் புரியாமல் போகலாம். அந்த வீடுகளில் கல்யாணம் ஆனதும் பிள்ளைக்குத் தனி அடுப்பு வைத்துக் கொடுத்துவிடுவார்கள். மாமியார், ஓரகத்திகள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழேதான் இருப்பார்கள். சமையல் மட்டும் தனித்தனி. புருஷன் அக்கரைக்குப் போய்விட்டால், அத்தனை பேர் நடமாடும் வீட்டில் ஒருத்திக்கு மட்டும் ஒரு பானையில் சோறு வேகும். குழந்தை தின்பது ஒரு பிடி.

இதையெல்லாம் நான் கேட்டுக்கொள்வேன். கேட்டுக்கொண்டு நான் எழுதியது இது: "அநேக கோடி நமஸ்காரம். இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடத்துக் காரியங்கள் யாவற்றையும் தங்கள் சௌகரியப்படி நிறைவேற்றிக்கொண்டு, ஈசுவர கிருபையால் புறப்பட்டு வருவதே அடியாளுக்குத் திருப்தி."

ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்பீர்கள். முதல் காரணம், என் தமிழ். அது நன்றாக இருக்கும் என்று எனக்கு ஓர் அபிப்பிராயம். மற்றவர்களுக்கும் அதைத் தெரியப்படுத்த வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். இரண்டாவது, ஒரு பெண் தன் புருஷனை "ஒரு நாள்கூடத் தங்கப்படாது" என்று அதட்டுவதா? அக்கரையில் கஷ்டப்படுகிறவர் மனசு கலங்காதா? பெண்ணுக்கு எது மரியாதை, ஆணுக்கு எது நிம்மதி என்பதெல்லாம் அந்த இருபத்தாறு வயதில் எனக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

ஒரே ஒரு தடவை ஆச்சி, "எங்க, எழுதுனதை ஒருவாட்டி வாசிங்க" என்றார்கள். நான் தாளைப் பார்த்துக்கொண்டே, அவர்கள் சொன்ன வார்த்தைகளையே ஞாபகத்திலிருந்து ஒப்பித்தேன். உலை, சலிப்பு எல்லாம் வந்தது. "ம், சரியா இருக்கு" என்றார்கள். இதற்குப் பெயர் பொய் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. அப்போதுதான் எனக்கு அடுத்த மேம்பாட்டு யோசனை வந்தது. ஊரில் பெண் பிள்ளைகளுக்கு என்று ஒரு வகுப்பு. மேலே எழுதிப் போட்டேன். ஒரு வருடத்துக்குத் தற்காலிக அனுமதி வந்தது. இத்தனை பேராவது படிக்க வேண்டும், வருட முடிவில் இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார், அவர் திருப்திப்பட்டால் வகுப்பு நிலைக்கும், இல்லையென்றால் மூடிவிட வேண்டும் என்று நிபந்தனை. இடம் கேட்டு நான் பெரிய வீடுகளின் படி ஏறி இறங்கினேன். சிகப்பி ஆச்சிதான் தன் மாமியாரிடம் பேசி வளவைக் கொடுத்தார்கள். இடம் வந்தது. பிள்ளைகள்தான் வரவில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு என்னத்துக்கு?" என்று பத்து வீட்டில் ஒரே பதில். கணக்குப் பார்த்தால் வேண்டிய எண்ணிக்கைக்கு ஆறு குறைந்தது.

"ஆறு பேருதானே?" என்றது தூணுக்குப் பின்னாலிருந்து குரல். "நாங்க ஆறு பேரு இருக்கோம். எங்களை எழுதிக்கிருங்க. வயசு இத்தனைக்குள்ளதான் இருக்கணும்னு உங்க கடுதாசியில இருக்கா?"

தேடிப் பார்த்தேன். இல்லை. அனுமதி கொடுத்தவருக்கு அப்படி ஒரு நிலைமை வரும் என்று தோன்றியிருக்காது. அப்படித்தான் ஆறு ஆச்சிமார் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார்கள். ஆறு பேருடைய புருஷன்மாரும் அக்கரையில்.

சேர்க்கைப் பதிவேட்டில் பெயர், வயது எல்லாம் சுலபமாக நிரம்பியது. "தகப்பனார் அல்லது புருஷன் பெயர்" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. கட்டியவர் பெயரை வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். ஊரே நம்புகிற விஷயம். நான் சும்மா விடுவேனா?

"ஒரு குறிப்பாவது சொல்லுங்க ஆச்சி."

"மலை மேல ஆண்டி வேசத்துல நிக்கிறாகள்ல, அவுக பேரு" என்றார்கள் சிகப்பி ஆச்சி. பழனியப்பன் என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்தவர், "மதுரையில மீனாட்சியைக் கட்டுனவுக." சொக்கலிங்கம். அதற்கடுத்தவர், "அண்ணனுக்குப் பின்னாடியே காட்டுக்குப் போனாகள்ல, தம்பி." லெட்சுமணன். இன்னொருவர், "சிப்பிக்குள்ள இருக்குமே, அதோட ஒரு ஐயாவைச் சேத்துக்கிருங்க." அதைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முத்தையா. இப்படியே ராமநாதனும் அண்ணாமலையும் வந்து சேர்ந்தார்கள். எனக்கு நல்ல பொழுதுபோக்கு. அன்று சிரித்த சிரிப்புக்குப் பின்னால் அழ வேண்டியிருக்கும் என்று தெரியாது.

வகுப்பு பிரமாதமாக நடந்தது. நான் முற்றத்துக்கு இந்தப் பக்கம். சின்னப் பெண்கள் முற்றத்தில். ஆச்சிமார் அந்தப் பக்கத் தூண்களுக்குப் பின்னால். எழுதிய சிலேட்டை நடு முற்றத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். நான் போய் எடுத்துத் திருத்திவிட்டு, அங்கேயே வைத்துவிட்டு வருவேன். முகம் பார்க்காமலே பாடம் நடந்தது. சிகப்பி ஆச்சிதான் எல்லாரையும்விட வேகம். மற்றவர்கள் ஒரு எழுத்துக்கு நாலு நாள் எடுத்தால் அவர்களுக்கு ஒரே நாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் போதனை முறையின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கு ஏன் அவசரம் என்று யோசிக்கவில்லை.

ஆறேழு மாதம் போனதும் ஆச்சி என்னைக் கடுதாசி எழுதக் கூப்பிடுவது நின்றது. வருகிற கடுதாசியை வாசிக்கவும் கூப்பிடவில்லை. வேலை குறைந்தது நல்லதுதான் என்று இருந்துவிட்டேன். அதுவரை நான் அவர்களுக்கு எழுதியது இருபத்து மூன்று கடிதம். இந்தக் கணக்கு எனக்கு எப்படித் தெரியும் என்பது பின்னால் வருகிறது.

வருடம் முடிந்தது. இன்ஸ்பெக்டர் வருகிற நாள் நெருங்கியது. பக்கத்து ஊர் வாத்தியார் என் சிநேகிதர். அவருடைய பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் ஒரு வாரம் முன்பே போயிருந்தார். சிநேகிதர் கார்டு போட்டிருந்தார்: "சொல்வதை எழுதச் சொல்கிறார். பசு பால் தரும். பசுவுக்குக் கன்று உண்டு. ஜாக்கிரதை." அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க வளவில் பசு, பசு, பசு. என் மாணவிகள் கண்ணை மூடிக்கொண்டு பசுவை எழுதுவார்கள். ஒரு ஆச்சி, "வீட்டுல இருக்கிற மாட்டைக்கூட நாங்க இத்தனைவாட்டி பாத்ததில்லை" என்று அலுத்துக்கொண்டார்கள்.

முந்தின நாள் சிகப்பி ஆச்சி ஒன்று கேட்டார்கள். "வாத்தியாரய்யா, நாளைக்கு அவரு வேணாம்னுட்டா, இந்த வகுப்பை மூடிருவாகளா?"

"மூடிவிடுவார்கள் ஆச்சி."

"எனக்கு இன்னும் கூட்டெழுத்து சரியா வரலையே" என்றார்கள். குரலில் ஒரு பதற்றம் இருந்தது. கூட்டெழுத்துக்காக ஒருவர் இப்படிப் பதறுவாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் காலை வண்டியில் கல்லலில் இறங்கி வந்தார். நல்ல மனிதர், வெயிலில் சிவந்திருந்தார், இளநீரை ஒரே மூச்சில் குடித்தார். பழைய ஆட்களைப் போல மிரட்டுகிறவர் இல்லை. புதிய முறையில் நம்பிக்கை உள்ளவர். அதுதான் வினையாகப் போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்ததும் என்னிடம் சொன்னார்: "பாருங்கள், எல்லாப் பள்ளியிலும் பசு, பால் என்று கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. பாடம் பிள்ளைகளின் சொந்தச் சூழலிலிருந்து வரவேண்டும். அப்போதுதான் அவர்களுக்கு உற்சாகம் பிறக்கும். அந்தச் சேர்க்கைப் பதிவேட்டைக் கொடுங்கள்."

கொடுத்தேன். உங்கள் முன்னால் ஒப்புக்கொள்கிறேன்: என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். "முதலில் பெரியவர்கள் மட்டும் எழுதட்டும்" என்று அவர் ஆச்சிமார் பெயர் இருந்த பக்கத்தைப் பிரித்தார். புருஷன் பெயர் என்ற பத்தியில் விரலை வைத்தார். முகம் மலர்ந்தது. கணீர் என்ற குரலில் வாசகம் சொல்ல ஆரம்பித்தார்.

"பழனியப்பன் சந்தைக்குப் போனான். சொக்கலிங்கம் கூடப் போனான். ராமநாதன் மாம்பழம் வாங்கினான். முத்தையா அதைத் திருடினான். அண்ணாமலை அவனைத் துரத்தினான். லெட்சுமணன் விழுந்து அழுதான்."

தூண்களுக்குப் பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். யாரோ சிரிப்பை முந்தானைக்குள் அடக்கினார்கள். வாயால் சொல்லவே கூடாத பெயர்கள். அதிலும் போனான், வந்தான் என்று. அதிலும் ஒருவர் திருடுகிறார், ஒருவர் விழுந்து அழுகிறார்.

ஆறு சிலேட்டும் நடு முற்றத்துக்கு வந்தன. ஆறிலும் ஓட்டை. பழனியப்பன் வர வேண்டிய இடம் சிகப்பி ஆச்சியின் சிலேட்டில் வெறுமையாக இருந்தது. மற்ற ஐந்து பெயரும் முத்து முத்தாக இருந்தன. அடுத்த சிலேட்டில் சொக்கலிங்கம் இல்லை. அடுத்ததில் ராமநாதன். ஒரு சிலேட்டில் இரண்டு இடம் காலி. புருஷன் பெயர் ஒன்று, மாமனார் பெயர் ஒன்று. கடைசிச் சிலேட்டில் லெட்சுமணன் பெயர் இல்லை. ஆனால் வாக்கியம் இருந்தது: "விழவில்லை. அழவும் இல்லை."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஒன்றுகூடத் தேறவில்லையே ஐயா" என்றார் வருத்தமாக.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தலைமையாசிரியர் என்கிற பதவி உங்களுக்கு வந்தால், இப்படி ஒரு நிமிஷம் கட்டாயம் வரும். அப்போது உங்கள் புத்தி எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். என்னுடைய புத்தி எங்கே போனது தெரியுமா? நேராகப் பசுவிடம் போனது.

"ஐயா, தயவுசெய்து பசுவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பசுவா? குறிப்பாகப் பசுவை ஏன் கேட்கிறீர்?"

பக்கத்து ஊர் கார்டு என் சட்டைப் பையில் சுட்டது. வேறு வழியில்லாமல் வழக்கத்தைச் சொன்னேன். கட்டியவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள், எழுதவும் மாட்டார்கள், ஓட்டை ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் இருப்பதைப் பாருங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "எந்தப் பள்ளிக்குப் போனாலும் எனக்கு ஒரு வழக்கம் சொல்கிறார்கள். ஓரிடத்தில் அறுவடை, இன்னோரிடத்தில் திருவிழா, இங்கே இது. சொன்னதை எழுதத் தெரிய வேண்டும் என்பது விதி. இவர்கள் எழுதவில்லை. நான் என்ன செய்யட்டும்?" என்று பேனாவைத் திறந்தார்.

அப்போது தூணுக்குப் பின்னாலிருந்து சிகப்பி ஆச்சியின் குரல் வந்தது. அந்நிய ஆணோடு நேராகப் பேசக்கூடாது என்பதால் அவர்கள் தூணோடு பேசினார்கள். கொஞ்சம் சத்தமாகப் பேசினார்கள்.

"அவரு சொன்னதைத்தானே நாங்க எழுதலை? நாங்க எழுதுறதை அவரு வாசிச்சுப் பாக்கட்டுமே. பத்து நிமிசம். ஆளுக்கு ஒரு கடுதாசி. யாருக்கு எழுதுறோங்கிறது எங்க இஷ்டம்."

எனக்கு வராத யோசனை. வந்திருக்க வேண்டிய யோசனை. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். புதிய முறையில் நம்பிக்கை உள்ளவர் என்றேனே. "மாணவியே தேர்வை நடத்துகிறாரா? நடக்கட்டும்" என்று கடிகாரத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

ஆறு தாள் வந்தது. ஒரு ஆச்சி கண்டரமாணிக்கத்தில் இருக்கும் தன் அம்மாவுக்கு மாமியாரைப் பற்றி எழுதியிருந்தார்கள். அந்த மாமியார் உள்கட்டில்தான் இருந்தார். இன்ஸ்பெக்டர் இரண்டு வரி வாசித்துவிட்டு அவசரமாக மடித்து வைத்தார். லெட்சுமணன் சம்சாரம் இன்ஸ்பெக்டருக்கே எழுதியிருந்தார்கள்: "அவுக எங்கேயும் விழவில்லை. ரெங்கூனில் நல்லபடியாக இருக்கிறாக. இனிமேல் இப்படிச் சொல்லாதீக." அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் சிகப்பி ஆச்சியின் தாளை எடுத்தார். எதையும் உரக்க வாசிப்பது அவர் பழக்கம். வாசிக்க ஆரம்பித்தார்.

"'அவுகளுக்கு எழுதுவது. இதுக்கு முன்னால் வந்த கடுதாசி இருபத்து மூன்றும் நான் சொன்னது இல்லை. வாத்தியாரய்யா தானாக எழுதியது...'"

நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் முற்றத்து மழைத் தொட்டியைப் பார்த்தேன். அதற்குள் குதித்துவிடலாமா என்று இருந்தது. மீதியை அவர் உரக்க வாசிக்கவில்லை. வாசித்து முடித்துவிட்டுத் தாளை என்னிடம் நீட்டினார். அதில் எழுத்துப் பிழை இருந்தது. அந்தப் பிழைகளை இப்போது எனக்கு ஞாபகம் இல்லை. விஷயம் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"சௌகரியப்படி வாருங்கள் என்று நான் சொல்லவே இல்லை. நான் அப்படிச் சொன்னதாக நினைத்து இன்னொரு தவணை இருக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடுதாசியை நானே படித்தேன். எனக்கு சௌகரியம் இல்லை. ஒருத்திக்கு உலை வைத்து மூன்று வருசம் ஆச்சு. மீனாள் தபால்காரரை அப்பச்சி என்று கூப்பிடுகிறாள். உடனே வாருங்கள். இதை நானே எழுதினேன்."

அப்பச்சி என்றால் அந்த வீடுகளில் அப்பா. குழந்தையிடம் அப்பச்சியிடமிருந்து வந்தது, அப்பச்சியிடமிருந்து வந்தது என்று சொல்லிச் சொல்லி, கொண்டுவருகிறவரே அப்பச்சி என்று அது முடிவு பண்ணியிருக்கிறது.

நண்பர்களே, இத்தனை வருட உத்தியோகத்தில் மேலதிகாரிகள் என்னை எவ்வளவோ திட்டியிருக்கிறார்கள். ஒன்றும் உறைத்ததில்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அந்த அம்மாள் எழுத்துக் கற்றுக்கொண்டது கல்விக்காக அல்ல, என்னைத் தாண்டிப் போவதற்காக. கூட்டெழுத்துக்கு ஏன் பதறினார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார். "இந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாமா? உறை இருக்கிறதா?"

உறை வந்தது. ஆச்சி முகவரி எழுத வேண்டும். மறுபடியும் அதே மலை, அதே ஆண்டி. உறை வெறுமையாகவே நடு முற்றத்துக்குத் திரும்பி வந்தது. நான் பேனாவை எடுக்கப் போனேன். "நீர் வேண்டாம்" என்றார் இன்ஸ்பெக்டர். "நீர் இதுவரை எழுதியது போதும். அந்தப் பெயரை எழுதுவதில் எனக்கு ஒரு தடையும் இல்லை." பதிவேட்டைப் பார்த்து, பழனியப்பன் என்று இங்கிலீஷிலும் தமிழிலும் தன் கைப்பட எழுதினார். போகிற வழியில் கல்லலில் தபாலில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி உறையைத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பார்வைப் புத்தகத்தில் அவர் எழுதிய குறிப்பு இரண்டே வாக்கியம். "பெண்கள் வகுப்பு நிரந்தரமாக நடக்கத் தகுதியுடையது. தலைமையாசிரியர் எழுதுவதைக் குறைத்துக்கொண்டு எழுதச் சொல்லிக் கொடுப்பதை அதிகப்படுத்தலாம்."

வண்டி போன பிறகு நான் முற்றத்தின் விளிம்பில் போய் நின்றேன். "ஆச்சி, தப்புப் பண்ணிவிட்டேன்" என்றேன்.

"தெரிஞ்ச அன்னைக்கே உங்களைக் கூப்பிட்டு நல்லாக் கேக்கணும்னு இருந்துச்சு" என்றது குரல். "எட்டு நாளு உங்களை வையாத வசவெல்லாம் வைஞ்சேன். இருபத்து மூணுக்கும் அடுப்படிச் சுவத்துல கோடு போட்டு வச்சிருந்தேன். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வசவு. அப்புறம், ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுத்ததும் இவருதானேன்னு விட்டுட்டேன்." கையோடு, "நாளைக்குக் கூட்டெழுத்துத்தானே நடத்துறீக?" என்றார்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், பள்ளிக்கூட வாசலில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. இறங்கியவரை நான் பார்த்ததில்லை. கப்பல் பிரயாணத்தில் கறுத்திருந்தார். ஒரு கையில் மீனாள். மறு கையில் சணல் கயிற்றால் கட்டின ஒரு கடுதாசிக் கட்டு. கட்டை என் மேஜை மேல் வைத்தார்.

"எண்ணிப் பாத்துக்கிருங்க, இருபத்து மூணு இருக்கும். எல்லாம் உங்களோடது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "நல்ல தமிழுங்க. அங்க கடையில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுவேன், என் வீட்டுல எவ்வளவு பக்குவமா எழுதுறா பாருங்கன்னு. ஆனா ஒண்ணு சொல்லணும். இதுல எதை வாசிச்சும் எனக்கு ஊருக்கு வரணும்னு தோணலை. அவ எழுதுன பத்து வரி வந்துச்சு. மறு கப்பலுக்குச் சீட்டு எடுத்துட்டேன்."

அந்தக் கட்டு இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. ஒரு பிள்ளையின் கட்டுரையில் சிவப்பு மையைத் தொடும் முன் அதை ஒரு தடவை பார்த்துக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது. பிழையைத் திருத்துவேன். அவன் சொல்ல வந்ததைத் தொட மாட்டேன். உங்களுக்கும் மேம்படுத்தும் ஆசை நிறைய இருக்கும், இருக்கட்டும். கையை எடுத்துக்கொள்ள வேண்டிய இடமும் தெரிந்திருக்கட்டும்.

அவர் விடைபெற்று வாசலுக்குப் போனபோது தபால்காரர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். மீனாள் அவரைப் பார்த்தாள். தன்னைத் தூக்கி வைத்திருந்தவரையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு தபால்காரரிடம், அவர் மனசு நோகக்கூடாதே என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்:

"இனிமே நீங்க வர வேணாம். எங்க அப்பச்சி வந்துட்டாக."